புத்தகத்தில் இருக்கும் நியூரான் ஸ்லைடில் ஏன் கிடைப்பதில்லை?

முதலாமாண்டு மருத்துவம் படிக்கும் மாணவி ஒருவரின் கேள்வி இது: "புத்தகத்தில் நியூரான் என்றால் நட்சத்திரம் போன்ற உடல், கிளை கிளையாக டென்ட்ரைட், நீளமாக ஓர் ஆக்ஸான் என்று வரைந்திருக்கிறார்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ரோஸ் நிறத்தில் ஒரு பரப்பு, அங்கங்கே ஊதாப் புள்ளிகள், அவ்வளவுதான். தண்டுவடம், சிறுமூளை, இரண்டு வகை கேங்லியான் எல்லாமே எனக்கு ஒன்றாகத் தெரிகின்றன. எதை வைத்துப் பிரித்தறிவது?"

புதிதாகப் படிப்பவர்களுக்கு முதலில் ஒரு வரி: நியூரான் என்பது நரம்பு செல், டென்ட்ரைட் அது சேதி வாங்கும் கிளை, ஆக்ஸான் சேதியைக் கொண்டுபோகும் இழை, கேங்லியான் என்பது மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே நியூரான்கள் கூடியிருக்கும் முடிச்சு. இனி பதில். உங்கள் கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. புத்தகத்தில் நீங்கள் பார்த்த படம் ஒரு சாயத்தில் எடுத்தது, உங்கள் ஸ்லைடு வேறு சாயத்தில் செய்தது. இதை யாரும் வகுப்பில் நின்று நிதானமாகச் சொல்வதில்லை. நரம்புத் திசுவைப் பொறுத்தவரை சாயம் எதைக் காட்டுகிறது என்பதைவிட எதை மறைக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அந்தக் கிளை விரித்த நியூரான் படம் எங்கிருந்து வந்தது? இத்தாலியில் மிலான் நகருக்குப் பக்கத்தில் அபியாதெக்ராஸோ என்ற சிற்றூர். அங்கே நாள்பட்ட நோயாளிகளுக்கான மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்த கமில்லோ கோல்ஜி, அங்கிருந்த சமையலறையையே சோதனைக்கூடமாக்கிக்கொண்டு திசுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைத்த மூளைத் துண்டை வெள்ளி நைட்ரேட்டில் போட்டபோது, சில நியூரான்கள் மட்டும் நுனிக் கிளை வரை கன்னங்கரேலென்று எழுந்து நின்றன. 1873-இல் அதை வெளியிட்டார். இந்த முறையின் பெருமையே அதன் கஞ்சத்தனம்தான். நூறு நியூரானில் ஏதோ சிலவற்றைத்தான் அது பிடிக்கும். எதைப் பிடிக்கும், எதை விடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் பிடித்திருந்தால் ஸ்லைடு முழுக்க மை கொட்டியது போல ஆகியிருக்கும், ஒன்றும் தெரிந்திருக்காது. அடர்ந்த காட்டில் நான்கைந்து மரங்களை மட்டும் வேரோடும் இலையோடும் தனித்துக் காட்டியதால்தான் ஒரு மரத்தின் வடிவம் என்ன என்று மனிதனுக்குப் புரிந்தது.

1887-இல் மாட்ரிட் நகரில் அப்படிப்பட்ட ஸ்லைடு ஒன்றைப் பார்த்து அசந்துபோனவர் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் சான்டியாகோ ரமோன் இ கஹால். மயலின் என்ற கொழுப்பு உறை மூடிய ஆக்ஸானில் வெள்ளி சரியாக ஏறுவதில்லை. ஆகவே மயலின் இன்னும் உருவாகாத கருக்களையும் குஞ்சுகளையும் எடுத்துக்கொண்டார். அந்த ஒரு யோசனை அவரை எங்கோ கொண்டுபோய்விட்டது. ஒவ்வொரு நியூரானும் தனித்தனி செல், ஒன்றோடு ஒன்று ஒட்டிய வலை அல்ல என்று 1888 முதல் எழுதத் தொடங்கினார். கோல்ஜியோ கடைசி வரை வலைதான் என்றார். 1906-இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள்; அந்த மேடையில்கூட கோல்ஜி தன் உரையில் கஹாலின் கொள்கையை மறுத்துத்தான் பேசினார். இரண்டு நியூரான்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி ஏறத்தாழ 20 நானோமீட்டர். ஒளி மைக்ரோஸ்கோப்பில் அது தெரியவே தெரியாது. 1950-களில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வந்த பிறகுதான் அந்த வழக்கு தீர்ந்தது.

இனி உங்கள் கையில் உள்ள ஸ்லைடுக்கு வருவோம். அது ஹெமடாக்சிலின், ஈயோசின் என்ற இரட்டைச் சாயம் ஏற்றியது. ஹெமடாக்சிலின் அமிலத் தன்மை உள்ளவற்றை, அதாவது டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டையும் பிடித்து ஊதாவாக்கும். ஈயோசின் பெரும்பாலான புரதங்களைப் பிடித்து ரோஸாக்கும். ஆக, உட்கரு ஊதா. நியூரான் உடலுக்குள் திட்டுத் திட்டாக இருக்கும் நிஸ்ல் பொருளும் ஊதா, ஏனென்றால் அது ரைபோசோம்கள் அடர்ந்த எண்டோபிளாச வலை; ஆர்என்ஏ நிறைந்தது. டென்ட்ரைட், ஆக்ஸான், நியூரானுக்குத் துணை நிற்கும் க்ளயா செல்களின் கைகள், இவையெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு ஒரே ரோஸ் பாயாகத் தெரியும். அதற்கு நியூரோபில் என்று பெயர். புத்தகத்தில் நீங்கள் பார்த்த கிளைகள் அத்தனையும் அந்தப் பாய்க்குள்தான் இருக்கின்றன.

மயலினுக்கு என்ன ஆகிறது? அது பெரும்பாலும் கொழுப்பு. பாரஃபின் மெழுகில் பதிக்கும் முன் திசுவை ஆல்கஹாலிலும் சைலீனிலும் குளிப்பாட்டுகிறோம் அல்லவா, அதிலேயே அது கரைந்து போய்விடுகிறது. அதனால்தான் நரம்பின் குறுக்கு வெட்டில் வெற்று வட்டமும் அதன் நடுவே ஒரு ரோஸ் புள்ளியும் தெரிகின்றன. வட்டம் மயலின் இருந்த இடம், புள்ளி ஆக்ஸான். ஆஸ்மியத்தில் போட்டிருந்தால் அதே வட்டம் கறுப்பாக இருக்கும். 1953-இல் க்ளூவர், பாரெரா என்ற இருவர் அறிமுகப்படுத்திய லக்ஸால் ஃபாஸ்ட் ப்ளூவில் நீலமாக இருக்கும்.

சரி, நியூரானை எப்படிக் கண்டுபிடிப்பது? உட்கருவைத் தேடுங்கள். பெரிதாக, உருண்டையாக, வெளிறிப்போய் இருக்கும். அதன் நடுவில் ஒரே ஒரு கரும் நியூக்ளியோலஸ். வெள்ளைத் தட்டில் ஒற்றை மிளகை வைத்தது மாதிரி. மும்முரமாகப் புரதம் செய்யும் செல் என்பதால் அதன் டிஎன்ஏ விரிந்து கிடக்கிறது, அதனால் வெளிறல். ரைபோசோம் தயாரிக்கும் இடம் நியூக்ளியோலஸ், அதனால் அது அவ்வளவு எடுப்பு. சிறுமூளையின் குட்டி நியூரான்களுக்கு மட்டும் இந்த அடையாளம் பொருந்தாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நியூரானைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் சிறு ஊதாப் புள்ளிகள் க்ளயா செல்களின் உட்கருக்கள். இந்தச் சாயத்தில் அவற்றின் உட்கரு மட்டும்தான் தெரியும், உடல் தெரியாது. நான் மாணவர்களுக்குத் தாளிக்கும் கரண்டியை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். கடுகு போல உருண்டையாக, கறுப்பாக, சிறிதாக இருந்தால் ஆலிகோடென்ட்ரோசைட். உளுந்து போலச் சற்றுப் பெரிதாக, நீள்வட்டமாக, வெளிறி இருந்தால் ஆஸ்ட்ரோசைட். சீரகம் போல ஒல்லியாக, சில சமயம் வளைந்து இருந்தால் மைக்ரோக்ளயா. மயலின் சுற்றுவது கடுகு. ரத்தக் குழாய்களைத் தன் பாதங்களால் போர்த்தி நிற்பது உளுந்து. செத்ததைத் தின்று துப்புரவு செய்வது சீரகம். நூற்றுக்கு நூறு துல்லியமான விதி அல்ல இது, ஆனால் தேர்வுக்கு மட்டுமல்ல, பிறகு நோயியல் படிக்கும்போதும் கைகொடுக்கும்.

தண்டுவடத்தை மைக்ரோஸ்கோப்பில் வைக்கும் முன் ஸ்லைடைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெறும் கண்ணுக்கே நடுவில் வண்ணத்துப்பூச்சி தெரியும். நியூரான் உடல்கள் உள்ள சாம்பல் பொருள் உள்ளே, மயலின் சுற்றிய இழைகள் ஓடும் வெண்பொருள் வெளியே. மூளையில் இது தலைகீழ். முன் கொம்பு அகலம், விளிம்பு வரை எட்டாது. பின் கொம்பு ஒல்லி, கிட்டத்தட்ட விளிம்பைத் தொடும். முன்புறத்தில் ஆழமான பிளவு. நடுவில் மையக் கால்வாயும் அதைச் சுற்றி எபென்டைமா செல்களின் வரிசையும். வயது வந்தவர்களிடம் அந்தக் கால்வாய் பல இடங்களில் மூடிப்போய் வெறும் செல் கூட்டமாக இருக்கும், அதைக் கண்டு குழம்ப வேண்டாம். முன் கொம்பில் உள்ள இயக்க நியூரான்கள்தான் உடலிலேயே நிஸ்ல் திட்டுகளைப் பார்க்க ஏற்ற இடம். புலித்தோல் மாதிரி இருக்கும். அந்த நியூரானின் ஒரு முனையில் மட்டும் திட்டு இல்லாத வெளிறிய மேடு தெரிந்தால் அது ஆக்ஸான் கிளம்பும் இடம். போலியோ வைரஸ் அழிப்பது இந்த செல்களைத்தான். அதனால்தான் போலியோவில் தசை சூம்புகிறது, ஆனால் தொடு உணர்ச்சி அப்படியே இருக்கிறது.

எந்தப் பகுதி என்று கேட்டால், வெண்பொருள் எவ்வளவு என்று பாருங்கள். மேலே ஏறும் இழைகள் வழிநெடுக வந்து சேர்ந்துகொண்டே போகின்றன, கீழே இறங்குபவை வழியில் இறங்கிக்கொண்டே வருகின்றன. ஆகவே கழுத்தில் வெண்பொருள் மிகுதி, இடுப்பில் குறைவு. கைக்கும் காலுக்கும் தசை நிறைய என்பதால் அந்த மட்டங்களில் முன் கொம்பு பருமன். மார்புப் பகுதியில் கொம்புகள் ஒல்லி, பக்கவாட்டில் மட்டும் சின்னதாக ஒரு மூன்றாவது கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து கிளம்புவதுதான் சிம்பதெட்டிக் நரம்பு, அதாவது இதயம், ரத்தக் குழாய் போன்றவற்றை நம் விருப்பத்தைக் கேட்காமலே இயக்கும் நரம்பு.

சிறுமூளையைத் தவறவிடவே முடியாது என்பார்கள். ஆனால் வருடந்தோறும் யாராவது அதை நிணநீர் முடிச்சு என்று எழுதுகிறார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது, காரணம் இருக்கிறது. அடி அடுக்கில் கிரானுல் செல்கள் அவ்வளவு நெருக்கமாக, அவ்வளவு சிறிதாக, நிணநீர் முடிச்சில் நிறைந்திருக்கும் லிம்போசைட் கூட்டம் போலவே குவிந்திருக்கும். முன்பு சொன்ன மிளகு அடையாளம் பொருந்தாத குட்டி நியூரான்கள் இவைதான். மனித மூளையில் மொத்தம் சுமார் 8,600 கோடி நியூரான்கள் என்று 2009-இல் வெளியான கணக்கு சொல்கிறது. அதில் ஏறத்தாழ 6,900 கோடி சிறுமூளையில் இருக்கின்றன. நாம் பெருமையடிக்கும் பெருமூளைப் புறணிக்கு வெறும் 1,600 கோடிதான். சிறுமூளை நியூரான்களில் ஏறக்குறைய எல்லாமே இந்தக் கிரானுல் செல்கள்.

அந்த நெரிசலுக்கு மேலே ஒற்றை வரிசையில், இடைவெளி விட்டு, குடுவை போன்ற பெரிய செல்கள் நிற்கும். 1837-இல் யான் புர்கின்யே கண்டவை. அதற்கு மேலே ஆளரவமற்ற ரோஸ் அடுக்கு. ஆளரவமற்றது என்று தோன்றுவதும் சாயத்தின் வேலைதான். ஒவ்வொரு புர்கின்யே செல்லும் அந்த அடுக்குக்குள் விசிறி போலத் தட்டையான ஒரு மரத்தை விரித்திருக்கிறது. கிரானுல் செல்களின் இழைகள் மின்கம்பி போல அந்த விசிறிகளைக் குத்திக்கொண்டு வரிசையாகப் போகின்றன. ஒரே புர்கின்யே செல்லில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள். உங்கள் ஸ்லைடில் அந்த மரத்தின் அடிக்கட்டை மட்டும், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால், ஒன்றிரண்டு செல்லில் தெரியும்.

பெருமூளைப் புறணிக்கு ஆறு அடுக்கு என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். இந்தச் சாயத்தில் ஆறையும் எண்ணிக் காட்டச் சொன்னால் எனக்கே சிரமம்தான். பிரமிடு செல்களின் கூர் முனை மேற்பரப்பை நோக்கி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

கேங்லியான் இரண்டையும் பிரிப்பதற்கு வருகிறேன். நான் முதலாண்டு செய்முறைத் தேர்வில் கோட்டை விட்ட இடம் இது. சிம்பதெட்டிக் கேங்லியானைப் பார்த்துத் தண்டுவட கேங்லியான் என்று எழுதிவிட்டேன். வைவாவில் தேர்வாளர் கேட்டது ஒரே கேள்வி: "இழைகள் எங்கே போகின்றன?" அப்போது விழித்தேன். பிறகு யோசித்தால் எல்லா வித்தியாசமும் அந்த ஒரு கேள்வியிலிருந்தே வருகிறது.

தண்டுவட கேங்லியானில் உள்ள நியூரானுக்கு ஒரே ஒரு காம்பு. அது கொஞ்ச தூரம் போய் ஆங்கில 'T' எழுத்துப் போலப் பிரிந்து, ஒரு கிளை தோலுக்கும் மற்றொன்று தண்டுவடத்துக்கும் போகிறது. கருவில் இரண்டு காம்பாக இருந்தவை பிறகு ஒன்றாக ஒட்டியவை. அங்கே சினாப்ஸ், அதாவது நியூரான்கள் சேதியைக் கைமாற்றும் இணைப்பு, கிடையாது, யாரும் வந்து இந்த செல்லிடம் சேதி சொல்வதில்லை. இழைகளுக்குப் போஷாக்கு தரும் கிட்டங்கி போல அது ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. டென்ட்ரைட் இல்லாததால் செல்கள் ஒன்றையொன்று நெருங்கிக் கூட்டமாக உட்கார முடிகிறது, இழைகள் கட்டுக் கட்டாகத் தனி வழியில் போகின்றன. செல்லின் சுற்றுப்புறம் வழவழப்பாக உருண்டையாக இருக்கிறது. அதைச் சுற்றிய சாட்டிலைட் செல்கள், சங்கிலியில் இடைவெளியே இல்லாமல் முழு வளையம் போடுகின்றன. உட்கரு நடுவில். அளவில் 20 மைக்ரானிலிருந்து 100 மைக்ரான் வரை (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிதும் சிறிதும் கலந்திருக்கும். தொடு உணர்ச்சிக்கான தடித்த இழைக்குப் பெரிய செல், வலிக்கான மெல்லிய இழைக்குச் சிறிய செல்.

சிம்பதெட்டிக் கேங்லியான் என்பது நேர்மாறாக ஒரு ரயில்வே சந்திப்பு. தண்டுவடத்திலிருந்து வரும் இழை அங்கே இறங்கி வேறு நியூரானிடம் சேதியை ஒப்படைக்கிறது. அதை வாங்க எல்லாத் திசையிலும் டென்ட்ரைட் வேண்டும். டென்ட்ரைட்டுக்கு இடம் வேண்டும். ஆகவே செல்கள் சிதறி நிற்கின்றன, நடுநடுவே இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. சாட்டிலைட் வளையத்தை டென்ட்ரைட்கள் துளைத்துக்கொண்டு வெளியே போவதால் வளையம் அறுந்து அறுந்து தெரிகிறது. செல்கள் சிறியவை, கிட்டத்தட்ட ஒரே அளவு. உட்கரு பெரும்பாலும் ஓரமாக ஒதுங்கியிருக்கும். லிப்போஃபஸ்கின் என்ற பழுப்பு நிறத் துகள்கள் இரண்டிலும் உண்டு, அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உங்கள் ஸ்லைடு ஏறத்தாழ 5 மைக்ரான் தடிமன். 60 மைக்ரான் செல் ஒன்று பன்னிரண்டு துண்டாகியிருக்கும். அதனால் பாதிக்கு மேற்பட்ட செல்களில் உட்கருவே தெரியாமல் போகலாம், அதில் ஆச்சரியம் இல்லை. உட்கரு ஓரமா நடுவா என்று ஒரே ஒரு செல்லைப் பார்த்துச் சொல்லாதீர்கள், இருபது செல்லாவது பாருங்கள். முதலில் குறைந்த பெருக்கத்தில் கூட்டமா சிதறலா என்று பாருங்கள், பிறகு பெருக்கத்தைக் கூட்டுங்கள். பெரும்பாலானோர் நேரே நாற்பது மடங்கு லென்ஸுக்குப் போய்த் தொலைந்து போகிறார்கள்.

தண்டுவட கேங்லியானை இன்னொரு விதத்தில் உங்கள் வீட்டிலேயே யாராவது அறிந்திருப்பார்கள். அக்கி. சின்னம்மை ஆறிய பிறகு அதே வைரஸ் இந்த உருண்டை செல்களுக்குள் பல்லாண்டுக் காலம் அடங்கிக் கிடக்கிறது. முதுமையிலோ எதிர்ப்புச் சக்தி குறையும்போதோ எழுந்து, ஆக்ஸான் வழியே தோலுக்கு வருகிறது. ஒரு கேங்லியானுக்கு உடலில் ஒரு பட்டை. அதனால்தான் கொப்புளங்கள் விலாவில் ஒரு பக்கமாக மட்டும் பட்டை போட்டு, நடுக்கோட்டைத் தாண்டாமல் நின்றுவிடுகின்றன. ஊரில் குயவர் வந்து காவியால் அக்கி எழுதுவாரே, அவர் எழுதியது பெரும்பாலும் ஒரே ஒரு கேங்லியானின் எல்லைக்குள்தான். காவி வைரஸை ஒன்றும் செய்யாது. கொப்புளம் தெரிந்த மூன்று நாட்களுக்குள் மருத்துவரிடம் போனால் மருந்து உண்டு.

மூன்றாவது வகையும் ஒன்று இருக்கிறது, அதைத் தனி ஸ்லைடாக வைக்க மாட்டார்கள். குடல் ஸ்லைடில் இரண்டு தசை அடுக்குகளுக்கு நடுவே வெளிறிய சிறு தீவுகளாக இருக்கும் அவர்பாக் பின்னல். நாலைந்து நியூரான், சில ஆதரவு செல்கள், அவ்வளவுதான். முதலாண்டில் யாரும் சட்டை செய்யாத அந்தத் தீவுதான் பிறகு ஒரு நாள் ஒரு குழந்தையின் அறுவை சிகிச்சையைத் தீர்மானிக்கும். ஹிர்ஷ்ப்ரங் நோயில் மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கி ஒரு நீளத்துக்கு இந்த நியூரான்கள் பிறவியிலேயே இருக்காது, குடல் அந்த இடத்தில் தளராது, குழந்தைக்கு மலம் இறங்காது. அறுவை அரங்கில் வயிறு திறந்திருக்க, வெட்டிய துண்டை உறையவைத்துச் சீவி, நோயியல் மருத்துவர் தேடுவது அந்த வெள்ளைத் தட்டையும் ஒற்றை மிளகையும்தான். இருக்கிறது என்று அவர் சொன்ன மட்டத்தில்தான் குடலை இணைப்பார்கள்.

ஸ்லைடில் தெரிவதெல்லாம் உடலில் இருந்தது என்றும் நம்பிவிட வேண்டாம். புது மூளை இறுகாத தயிர் போல இருக்கும். அதனால் அடிப்புறத்து ரத்தக் குழாய்க்கு அடியில் நூல் கோத்து, 10% ஃபார்மலின் வாளியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, இரண்டு மூன்று வாரம் காத்திருந்துதான் வெட்டுவார்கள். அதற்குள் திசு சுருங்கும். நியூரானைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் தெரிகிறதே, அது அந்தச் சுருக்கத்தின் வேலை. எடுக்கும்போது அழுத்திப் பிடித்தால் சில நியூரான்கள் கறுத்து முறுக்கிக்கொள்ளும். அதை நோய் என்று எழுதியவர்கள் உண்டு. உண்மையாகவே ஆக்சிஜன் இல்லாமல் செத்த நியூரான் வேறு மாதிரி: உடல் சுருங்கிச் செக்கச் செவேலென்று ஈயோசினைக் குடித்திருக்கும், நிஸ்ல் காணாமல் போயிருக்கும், உட்கரு கரும்புள்ளியாகியிருக்கும். புர்கின்யே செல்களும், நினைவாற்றலுக்கான ஹிப்போகாம்பஸ் பகுதியின் பிரமிடு செல்களும்தான் இதில் முதலில் அடிபடுபவை. அப்படி மாறுவதற்குப் பாதி நாளாவது ஆகும், எனவே உடனே இறந்தவரின் மூளையில் இதைப் பார்க்க முடியாது.

கோல்ஜியின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்த அடெல்கி நெக்ரி, 1903-இல் வெறிநோய் கண்ட விலங்குகளின் நியூரானுக்குள் உருண்டையான ரோஸ் பொருள்களைக் கண்டார். அவை ஏதோ ஒட்டுண்ணி என்று நினைத்தார். உண்மையில் வைரஸ் சேர்த்து வைத்த புரதக் குவியல்கள். விளக்கம் தப்பு, பார்த்தது சரி. பல பத்தாண்டுகள் நாய்க்கு வெறி இருந்ததா என்று சொல்ல அந்த உருண்டைகளைத்தான் தேடினார்கள்.

ரெகார்ட் நோட்டுக்கு ஒரு சிறு யோசனை. ரோஸ் பென்சிலும் ஊதாப் பென்சிலும் எடுத்து உட்காரும்போது புத்தகத்தைப் பார்த்து டென்ட்ரைட் கிளைகளை வரையாதீர்கள். ஸ்லைடில் என்ன தெரிகிறதோ அதை மட்டும் வரையுங்கள். கிளை தெரியவில்லை என்றால் வெறும் ரோஸ் தடவி நியூரோபில் என்று அம்புக்குறி போடுங்கள். ஆசிரியர் ஏன் என்று கேட்டால் காரணம் சொல்ல உங்களுக்குத் தெரியும்.

கல்லூரி ஸ்லைடுகள் பழசாகி நிறம் மங்கியிருந்தால், சென்னை ஐஐடியின் மூளை மையம் 2024 டிசம்பரில் இலவசமாக வெளியிட்ட தரணி என்ற படத்தொகுப்பைக் கணினியில் திறந்து பாருங்கள். கருவில் நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரையான மூளைகள், 5,132 சீவல்கள், செல் அளவுக்கு உருப்பெருக்கிப் பார்க்கலாம். சிறுமூளைக்குப் போனதும் மேற்பரப்பை ஒட்டி ஓர் அடர்ந்த ஊதா அடுக்கு கண்ணில் படும். உங்கள் ஸ்லைடில் அது இருக்காது. உள்ளே இறங்கிக் கிரானுல் செல்லாக வேண்டியவை அங்கே கூடி நிற்கின்றன. புர்கின்யே செல்களைத் தாண்டிக் கீழே இறங்கி முடிக்க அவற்றுக்குப் பிறந்த பிறகும் ஓராண்டுக்கு மேல் ஆகும்.